மறைந்த தோழரின் ஹக்கு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள், இஷாத் தொழுகைக்குப் பின் பூந்தமல்லி கபரஸ்தானில் நமது தோழர் ஒருவரை நல்லடக்கம் செய்துவிட்டு வந்தோம். மூன்று பிடி மண் அள்ளிப் போட்ட கையை உதறிக்கொண்டு வெளியே வந்தபோது, கூட வந்தவர்களில் ஒருவர், டிரங்க் ரோடு முனையில் அவர் படம் போட்டு ஒரு பேனர் வைக்க வேண்டும் என்றார். இன்னொருவர், நாற்பதாம் நாள் விருந்தை நன்றாகச் செய்ய வேண்டும், அதுதான் அவருக்கு மரியாதை என்றார். நாம் ஒன்றும் பேசவில்லை. ஐம்பத்தாறு வருஷத் தோழனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை எது என்ற கேள்வியோடு வீடு வந்து சேர்ந்தோம். இந்த மாதம் வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. உயிரோடு இருந்தபோதே தம் பெயர் நோட்டீசில் வருவதை விரும்பாத மனிதர் அவர். பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது, அதில் பெயர் எழுதக் கூடாது என்று மோதினாரிடம் சண்டை போட்டவர்.

1969-ல் பூந்தமல்லியில் ஓதும் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் அலிஃப், பே எழுதி அழித்தவர்கள் நாங்கள் இருவரும். அவருடைய அத்தா வாங்கிக் கொடுத்த ஒரு வாடகை சைக்கிளில் பருத்திப்பட்டு ஏரி வரை போய்வந்ததும், ஈரச் சட்டையோடு வந்து இரண்டு வீட்டிலும் அடி வாங்கியதும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. 1982-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருவரும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி நடந்து போவோம். நைட் ஷிப்டில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். லேத்தில் தூங்கினால் விரல் போய்விடும். அந்தத் தூக்கத்தை விரட்டத்தான் பாக்கும் புகையிலையும் கலந்து கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது.

அதை முதலில் பழகியது நாம்தான். ஒரு நாள் பின்னிரவில், அவர் கண் செருகுவதைப் பார்த்து, பொட்டலத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டியதும் நாம்தான். ஆறேழு வருஷம் கழித்து அல்லாஹ்வின் கிருபையால் நாம் அதை விட்டுவிட்டோம். அவரால் விட முடியவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. பார்க்கும்போதெல்லாம் விட்டுத் தொலையப்பா என்று ஒரு சொல் சொல்வோம். அவர் சிரிப்பார். அத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

வலது கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. சூட்டுப்புண் என்று மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டார். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும், வாயினுள் தோன்றும் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டையும், வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவதையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இன்று எல்லா மருத்துவரும் சொல்லும் விஷயம். அவர் ஐந்து மாதம் கடத்தினார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பி, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு மேலும் ஒரு மாதம் போகவில்லை. அந்தப் பேச்சில் உண்மை இல்லை. அந்தச் சோதனை செய்யாமல் நோய் இன்னதென்று உறுதி செய்யவும் வழியில்லை. எந்த நோயையும் அல்லாஹ் அதற்குரிய மருந்தோடுதான் இறக்கியிருக்கிறான், முதுமை ஒன்றைத் தவிர, ஆகவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கிராமத்து அரபிகளுக்குப் பதில் சொன்னதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. இந்த ஹதீஸை நாமே எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறோம். கூட இருந்த தோழனின் காதில் சரியான நேரத்தில் சொல்லவில்லை.

பின்பு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் தொடங்கப்பட்ட இடம் அது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையார், அந்தத் துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு முப்பது வருஷம்போல் பாடுபட்டு, ஏழை எளியவர் வந்து படுக்க ஒரு கூரை எழுப்பினார். டாக்டர் சாந்தா அம்மையார் 1955-ல் அங்கே சேர்ந்து, 2021-ல் மறையும் வரை அந்த வேலையிலேயே இருந்தார். நமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் இறந்துபோனவருக்காக என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

ஆபரேஷன் ஆயிற்று. கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். கதிர் வைத்தியமும் நடந்தது. சில மாதம் நன்றாக இருந்தார். மறுபடி கழுத்தில் தலைகாட்டியது. பேச்சு போயிற்று. மூக்கு வழியே குழாயில்தான் ஆகாரம்.

இப்போது நாம் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நாற்பது நாளைக்கு மேல் நாம் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவல்ல. அந்த முகத்தைப் பார்க்கப் பயம். அந்தப் பொட்டலத்தைக் கொட்டிய கையோடு போய் எதிரே உட்காரப் பயம். கியாமத் நாளில் அல்லாஹுத்தஆலா அடியானைப் பார்த்து, நான் நோயுற்றிருந்தேனே, நீ ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்று கேட்பான். நீயோ அகிலங்களின் இரட்சகன், உன்னை எப்படி நான் நலம் விசாரிப்பேன் என்று அடியான் திகைப்பான். என் இன்ன அடியான் நோயாளியாகக் கிடந்தான், அவனிடம் போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய் என்று பதில் வரும். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸ் குத்ஸியை ஒரு ஜும்ஆவில் இமாம் ஸாஹிப் சொன்னபோது, அது நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. அன்று அஸருக்குப் பின் போனோம்.

வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை அருகே விடவில்லை. இது தொற்றுநோயல்ல, பக்கத்தில் உட்காருவதாலும் தொட்டுப் பேசுவதாலும் அவர் பாத்திரத்தைப் புழங்குவதாலும் யாருக்கும் வராது என்று அவருடைய மூத்த மகனிடம் சொன்னோம். அன்று சாயங்காலம் பேரக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அதை நாற்பது நாள் முன்பே சொல்லியிருக்கலாம்.

அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பேச வேண்டியதையெல்லாம் அதில்தான் எழுதிக் காட்டுவார். "என்னை ஹலால் பண்ணிக்கொள். அந்த முதல் பொட்டலம் நான் கொடுத்தது" என்று சொன்னோம். வெகு நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: "அதை விடு. பட்டறைப் பசங்ககிட்ட போய் சொல்லு." அவ்வளவுதான். அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கணக்கு இருந்தது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஏழு பேர் பெயர்.

வலி தாங்காத ஓர் இரவில், சீக்கிரம் மௌத்து வர துஆச் செய் என்றும் எழுதிக் காட்டினார். துன்பம் வந்ததற்காக மௌத்தை ஆசைப்பட வேண்டாம், கேட்டே ஆக வேண்டுமென்றால், வாழ்வு எனக்கு நன்மையாக இருக்கும் வரை வாழச் செய், மௌத்து நன்மையாக இருக்கும்போது என்னை எடுத்துக்கொள் என்ற பொருளில் கேட்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்ததை அவர் காதருகே ஓதினோம். கண்ணை மூடித் தலையசைத்தார். அதன் பின் பதினோரு நாள் இருந்தார்.

மௌத்தான பிறகு முதலில் நம் காதில் விழுந்த பேச்சு என்ன தெரியுமா? ஜனாஸா வீட்டு வாசலிலேயே ஒருவர், "புகையிலை போட்டார், அனுபவித்தார்" என்றார். இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் தாங்கள் முற்படுத்தியதன்பால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி ஷரீபில் காண்கிறோம். கெட்ட பழக்கத்தைக் கண்டிக்க வேண்டிய இடம் உயிரோடிருப்பவன் காது. கபன் போட்ட உடலின் அருகே அல்ல. அந்த மனிதரைக் கோபிக்கவும் நமக்கு வாய் வரவில்லை. அவர் சொல்லிவிட்டார், நாம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்று நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவே சோறு கொண்டுவந்தது. எதிர் வீட்டு அம்மா, நம் சமயத்தவர் அல்லர், காலையில் இட்லி அனுப்பினார். ஹிஜ்ரி 8-ல் முஅத்தா யுத்தத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, ஜஃபரின் வீட்டாருக்கு உணவு தயாரியுங்கள், அவர்களைத் துக்கம் சூழ்ந்திருக்கிறது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். மௌத்தான வீட்டாருக்கு ஊரார் சமைப்பது அந்த சுன்னத்து. ஊராருக்கு மௌத்தான வீட்டார் சமைப்பது எப்போது கடமையாயிற்று என்று நமக்கு விளங்கவில்லை.

நாற்பதாம் நாள் பேச்சு வந்தபோது இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஈஸால் ஸவாபைப் பற்றிய சர்ச்சைக்குள் நாம் போகவில்லை. ஓதுவதும் துஆச் செய்வதும் ஸதகா கொடுப்பதும் வேண்டியதுதான். ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள், தாம் ஊரில் இல்லாதபோது மௌத்தாகிவிட்ட தாயாருக்காகத் தம் தோட்டத்தையே ஸதகாச் செய்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. அவர்கள் கொடுத்தது தங்கள் சொத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே விருந்துக்காக அவருடைய மனைவியார் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க ஏற்பாடாகிக் கொண்டிருந்தது. கடைசி மகனுக்கு வயது பதினான்கு. யதீம்களின் பொருளை அநியாயமாகத் தின்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று சூரத்துந் நிஸாவின் பத்தாம் ஆயத்து எச்சரிப்பதை அறியாதவர் நம்மில் யார்? இத்தா இருக்கும் பெண்மணியிடம் நாம் நேரில் பேசுவது முறையல்ல. நம் வீட்டாரை அனுப்பி அவரிடமும், நாமே போய் அவருடைய அண்ணனிடமும் எடுத்துச் சொன்னோம். சங்கிலி பெட்டிக்குள் திரும்பியது. சிலருக்கு நம்மீது வருத்தம். இருக்கட்டும்.

இனி அந்த ஏழு பேர் கணக்கு. வாரிசுப் பங்குகளைச் சொல்லும் அடுத்த ஆயத்திலேயே, மரண சாசனமும் கடனும் போகத்தான் பங்கு என்று அல்லாஹ் வரையறுத்துவிட்டான். நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. கடன் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். மூன்று தீனார் என்றார்கள். ஏதேனும் விட்டுப் போனாரா என்றார்கள், இல்லை என்றார்கள். உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்ற பிறகே தொழ வைத்தார்கள். இது புகாரியில் ஸலமா (ரலி) அவர்கள் அறிவிப்பது. இரண்டு தீனார் என்று வரும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னும் ஒரு விவரம் உண்டு. மறுநாளே நாயகம் (ஸல்) அவர்கள் அபூகதாதாவிடம், அந்த தீனார்கள் என்னாயிற்று என்று கேட்டார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்றார் அபூகதாதா. கொடுத்துவிட்டேன் என்று அவர் வந்து சொன்ன பிறகுதான், இப்போது அவருடைய மேனி குளிர்ந்தது என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பொறுப்பேற்றதோடு முடியவில்லை, கொடுத்த அன்றுதான் முடிந்தது.

நாமும் மகனும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஐவருக்குக் கொடுத்து முடித்தோம். ஆறாமவர் அம்பத்தூரில் பட்டறை வாசலில் டீக்கடை வைத்திருப்பவர். பணத்தைக் கையில் வாங்க மறுத்துவிட்டார். "அந்தக் கணக்கை அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே கிழிச்சிட்டேன் பாய்" என்றார். கடன் கொடுத்தவர் மனமுவந்து விட்டுவிட்டால் அது தீர்ந்தது. ஏழாமவர் வேலை மாறிப் போய்விட்டார், ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர் தொகை தனி உறையில் மகனிடம் இருக்கிறது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடனல்லாத ஒரு வரி இருந்தது. "ஆவடி மேஸ்திரி. மாசம் முதல் ஞாயிறு. பிரஷர் மாத்திரை." நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் இருவருக்கும் லேத் பிடிக்கக் கற்றுக் கொடுத்த மேஸ்திரி அவர். உயிரோடு இருக்கிறார் என்பதையே நாம் மறந்திருந்தோம். பார்வை மங்கி ஆவடியில் மகள் வீட்டில் இருக்கிறார். நமது தோழர் பல வருஷமாக மாதம் ஒரு முறை மாத்திரை வாங்கிக்கொண்டு போய், அவரோடு அரை மணி உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறார். நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஹளரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்குப் போகும் பாதையில் ஒரு கிராமவாசியைக் கண்டு, தாம் ஏறிவந்த கழுதையையும் தலையில் இருந்த தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் சொற்பத்திலேயே திருப்தி அடையக்கூடியவர்களாயிற்றே என்று கூட வந்தவர்கள் வியந்தார்கள். இவருடைய தகப்பனார் என் தகப்பனார் உமருக்கு நேசராக இருந்தார், தந்தையின் நேசர்களோடு உறவைப் பேணுவது நன்மைகளில் சிறந்தது என்று நாயகத்திடம் கேட்டிருக்கிறேன் என்று விளக்கினார்கள். முஸ்லிம் ஷரீபில் உள்ளது இது. அதைவிட நம் நெஞ்சைத் தொடுவது அன்னை கதீஜா (ரலி) அவர்களின் விஷயம். ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ மூன்று வருஷம் முன்பே மறைந்துவிட்டவர்கள். அதற்குப் பல ஆண்டுகள் கழிந்த பின்பும் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால், அதைத் துண்டுகளாக்கி, கதீஜாவின் தோழிகள் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். இதைச் சொல்பவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். உயிரோடு இல்லாத கதீஜாவின்மீது பட்ட அளவுக்கு வேறு எவர்மீதும் தமக்கு ரோஷம் வந்ததில்லை என்றும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பேனர் கட்டாமலே, சொந்த வீட்டாருக்கு ரோஷம் வரும் அளவுக்கு ஓர் ஆத்மா நினைக்கப்பட்டது.

ஷஅபான் முதல் ஞாயிறு ஆவடிக்குப் போனோம். மாத்திரைப் பையை மேஸ்திரியின் கையில் வைத்தபோது, தடவிப் பார்த்துவிட்டு நமது தோழரின் பெயரைச் சொல்லி, "ரெண்டு மாசமா எங்கேப்பா போயிட்டே?" என்றார். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அரை மணியும் அவர் அழுதார். கிளம்பும்போது, "அடுத்த மாசம் நீ வருவியா?" என்று கேட்டார். வருகிறோம் என்றோம்.

மீதி இருந்தது ஒன்று. பட்டறைப் பசங்களிடம் சொல்லச் சொன்னது. அதற்குத்தான் கால் எழவில்லை. கடனையும் மாத்திரையையும் பிறர் கணக்கு என்று செய்துவிடலாம். இது நம் கணக்கு. நம்மில் சிலர் புகையிலை மக்ரூஹ்தானே என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். உலமாக்களின் கருத்து வேற்றுமை நமக்குத் தெரியும். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள சூரத்துல் பகராவின் 195-ஆம் ஆயத்தும் தெரியும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் அறிவித்தது. குட்காவையும் பான் மசாலாவையும் தமிழ்நாட்டு அரசு 2013-ல் தடை செய்தது. தடை செய்த பொருள் கிடைக்காமலா இருக்கிறது? நமது மஹல்லாவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் தங்கள் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியைத்தான் நோன்பு திறக்கும் கஞ்சிக்குக் கொடுக்கிறோம்.

ஷஅபானின் கடைசி வாரத்தில் ஒரு நாள், நைட் ஷிப்ட் ஆள் மாறும் நேரத்துக்கு அம்பத்தூர் போனோம். முதலாளியிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தோம். மிஷினை நிறுத்திவிட்டுப் பதினைந்து பதினாறு பேர் வந்து நின்றார்கள். பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள், தமிழ் அரைகுறை. பயான் செய்து பழகிய வாய், அங்கே ஒரு வார்த்தையும் வராமல் நின்றது. கடைசியில் தோழரின் இரண்டு படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தோம், மகனிடம் கேட்டு வாங்கியவை. ஒன்று மகளின் நிகாஹ் அன்று எடுத்தது. மற்றது கடைசி மாதத்தில் எடுத்தது. இரண்டையும் கையில் கொடுத்து, "இதை அவருக்கு முதல்ல கொடுத்தது நான்தான்" என்றோம். ஒரு பையன் அதை ஹிந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னான். யாரும் பேசவில்லை. படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று.

வெளியே வரும்போது அந்தப் பையன் பின்னாலேயே வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். கன்னத்தில் எரிகிறது, காரம் சாப்பிட முடியவில்லை, இரண்டு மாதமாக இருக்கிறது என்றான். டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னோம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே விடும் அளவுக்குத் திறக்க வேண்டிய வாய், இரண்டு விரலுக்குத்தான் திறந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நிற்கச் சொன்னோம். நின்றான். அரசுப் பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். புற்று இல்லை, ஆனால் பாக்கினால் உள்சதை இறுகத் தொடங்கியிருக்கிறது, இன்றோடு நிறுத்தாவிட்டால் அது புற்றாக மாறவும் கூடும் என்றார் டாக்டர். மருந்து எழுதிக் கொடுத்தார். மாதம் ஒரு முறை வந்து காட்டச் சொன்னார். ஷவ்வாலில் மறுபடி போக வேண்டும்.

சகோதரன் இல்லாத இடத்தில் அவனுக்காகக் கேட்கப்படும் துஆவுக்கு, ஒரு மலக்கு ஆமீன் சொல்லி, உனக்கும் அதுபோலவே ஆகட்டும் என்கிறார் என்று அபுத்தர்தா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வாசகர்களிடம் நாம் வேண்டுவது இதுதான்.

யா அல்லாஹ்! எங்கள் தோழரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அவருடைய கபுறை விசாலமாக்கி வைப்பாயாக. அவர் அனுபவித்த வலியை அவருடைய பாவங்களுக்குப் பரிகாரமாக்குவாயாக. அவருடைய ஏழாவது கடன்காரரை எங்கள் கண்ணில் காட்டுவாயாக. அவர் கையில் அதைக் கொட்டியவனையும் மன்னிப்பாயாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.